மூளைச்சலவை என்று எப்போது சொல்லலாம்?

"அவனை நல்லா மூளைச்சலவை பண்ணி வெச்சிருக்காங்க." கட்சி மாறியவரைப் பற்றி இப்படிச் சொல்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவோடு பேச்சைக் குறைத்துக்கொண்ட மகனைப் பற்றியும் இதையே சொல்கிறோம். வேலையை உதறிவிட்டு ஒரு குருவிடம் போய்ச் சேர்ந்த பெண்ணுக்கும் இதே வாக்கியம்தான். சங்கிலித்தொடர் வியாபாரத்தில் சேமிப்பைக் கொட்டிவிட்டு சொந்தக்காரர்களையும் இழுத்துக்கொண்டிருப்பவருக்கும் இதுவேதான். முதல் ஆள் தன் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது ஆளுக்கு வயது வந்துவிட்டது, தனிக்குடும்பமும் ஆகிவிட்டது. மற்ற இரண்டும் விசாரித்துப் பார்க்கவேண்டியவை. நாலையும் ஒரே சொல்லுக்குள் திணிக்கும்போது, சுயபுத்தியோடு முடிவெடுத்தவரைப் புத்தி இல்லாதவராக்கிவிடுகிறோம். உண்மையிலேயே சிக்கிக்கொண்டவரின் ஆபத்தோ வம்புப்பேச்சோடு பேச்சாகக் கரைந்துபோகிறது.

இத்தனைக்கும் தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. புகழ்ந்து காரியம் சாதித்தால் அது சோப்பு போடுவது, ஐஸ் வைப்பது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் கோபத்தை இன்னொருவர்மேல் திருப்பிவிட்டால் ஏற்றிவிடுவது, தூபம் போடுவது, கொம்பு சீவிவிடுவது. முடிவெடுத்துவிட்டவரைத் தயங்கவைத்தால் மனசைக் கலைப்பது. பக்கத்திலேயே உட்கார்ந்து அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிச் சம்மதிக்க வைத்தால் வேப்பிலை அடிப்பது. பேயோட்டும் இடத்திலிருந்து வந்த வழக்கு இது. தன் விருப்பத்துக்கு ஒருவரை நடக்கவைத்தால் ஆட்டிவைப்பது. அதிகாரம் உள்ளவரை வசப்படுத்தினால் கைக்குள் போட்டுக்கொள்வது. 'மந்திரிச்சுவிட்ட மாதிரி' என்பது மட்டும் செயலைக் குறிக்காது. திருதிருவென்று விழித்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நிற்கிறவரின் நிலையைக் குறிக்கும். 'தலையணை மந்திரம்' பெரும்பாலும் மனைவிமேல் மட்டும் வீசப்படும் சொல். கணவன் மனைவியிடம் ஒன்றைச் சொல்லி ஏற்கவைத்தால் அதற்கு யாரும் இந்தப் பெயரைச் சூட்டுவதில்லை என்பதைக் கவனித்துப் பார்க்கவேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை தினசரி வாழ்க்கையின் பேச்சுவார்த்தைகள். கேட்கிறவருக்கு எழுந்துபோகும் வழி திறந்தே இருக்கிறது. எனவே, "என் அண்ணனை அவங்க ஏத்திவிட்டுட்டாங்க" என்று சொல்லவேண்டிய இடத்தில் "மூளைச்சலவை பண்ணிட்டாங்க" என்று சொல்வது மிகை.

வசியம் வேறு ரகம். மாந்திரீக நூல்கள் சொல்லும் அஷ்டகர்மங்களில் அது ஒன்று. வசியம் இணங்கவைப்பது, மோகனம் மயக்குவது, ஆகர்ஷணம் இழுத்துவருவது, தம்பனம் அசையாமல் நிறுத்துவது, உச்சாடனம் விரட்டுவது, பேதனம் பேதலிக்கச் செய்வது, வித்துவேஷணம் பகை மூட்டுவது, மாரணம் உயிரை எடுப்பது. ராஜவசியம், ஜனவசியம், சத்துருவசியம் என்று யாரை வசப்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் பிரிவுகளும் உண்டு. ஆனால் பேச்சுவழக்கில் வசியத்துக்கு நல்ல முகமும் இருக்கிறது. "அவர் பேச்சுல ஒரு வசியம் இருக்கு" என்றால் அது பாராட்டு. கல்யாணத்துக்குப் பார்க்கும் பத்துப் பொருத்தத்தில் வசியப் பொருத்தமும் ஒன்று. அங்கே இரண்டு ராசிகளுக்கு இடையிலுள்ள ஈர்ப்புதான் பொருள். மூளைச்சலவைக்கு இந்த நல்ல முகம் கிடையாது. எப்போதும் குற்றச்சாட்டாகவே வரும், எப்போதும் இன்னொருவரைப் பற்றியே வரும்.

செய்தியிலும் மொழிபெயர்ப்பிலும் அடிக்கடி கண்ணில் படும் ஒரு பிழையையும் சொல்லிவிடவேண்டும். அடுத்தவர் மனதை ஆட்டிவைப்பதற்கு 'மனக்கட்டுப்பாடு' என்று எழுதுகிறார்கள். தமிழில் மனக்கட்டுப்பாடு என்றால் தன் மனதைத் தானே அடக்குவது, புலனடக்கத்துக்குப் பக்கத்து வீடு. "அந்தக் குழுவில் மனக்கட்டுப்பாடு நடக்கிறது" என்று எழுதினால் அங்கே தியானம் சொல்லித்தருகிறார்கள் என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். மனதை வசப்படுத்துதல், மனதைப் பிடியில் வைத்திருத்தல் என்று விரித்து எழுதுவது எவ்வளவோ மேல்.

மூளைச்சலவை நமக்கு வந்த வழி சீனம், பிறகு ஆங்கிலம். சீனமொழியில் 'ஷீ நாவ்' என்றால் மூளையைக் கழுவுதல். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபிறகு அங்கே நடந்த கட்டாய வகுப்புகளுக்கு அதிகாரபூர்வப் பெயர் 'சிந்தனைச் சீர்திருத்தம்'. மக்கள் பேச்சில் புழங்கியது மூளை கழுவல். எட்வர்ட் ஹன்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1950இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டு கொரியப் போர் தொடங்கியது. 1953இல் போர் நின்று கைதிகளைத் திருப்பி அனுப்பியபோது, 21 அமெரிக்க வீரர்கள் ஊருக்குத் திரும்ப மறுத்துவிட்டார்கள். அமெரிக்காவே அதிர்ந்தது. எதிரியிடம் மனித மனதை மாற்றும் ரகசியக் கருவி ஏதோ இருக்கிறது என்று போர் நடக்கும்போதே எழுந்திருந்த பயம் இன்னும் பரவியது.

கைதிகள் திரும்புவதற்கு முன்பே, 1953 ஏப்ரலில், அந்தப் பயத்திலிருந்துதான் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் 'எம்.கே.அல்ட்ரா' திட்டம் பிறந்தது. சிட்னி காட்லிப் என்ற வேதியியலாளர் தலைமையில் எல்.எஸ்.டி. என்ற போதைமருந்து, ஹிப்னாடிசம், மின்னதிர்ச்சி என்று எதையெல்லாமோ சோதித்தார்கள். பல இடங்களில் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாமலேயே மருந்து கொடுத்தார்கள். 1973இல் ஆவணங்களில் பெரும்பகுதியை அழிக்க உத்தரவு போனது. 1975இல் விஷயம் வெளியே வந்தது. இருபது ஆண்டு பணமும் அதிகாரமும், சட்டத்துக்குக் கட்டுப்படாத சுதந்திரமும் இருந்தும், ஒருவரைச் சொன்னபடி ஆட்டிவைக்கும் மருந்தோ கருவியோ அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உடைந்த மனிதர்கள்தான் மிஞ்சினார்கள். சொக்குப்பொடி விற்பவரிடம் அது கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை முழுக்கப் படிக்கவேண்டும்.

ஹிப்னாடிசத்தைப் பற்றியும் இதே மயக்கம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற மருத்துவர் உடலில் ஓடும் காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொன்னார். 'மெஸ்மரிசம் பண்ணிட்டான்' என்று நம் பேச்சிலும் ஒட்டிக்கொண்டவர் அவர்தான். 1784இல் பிரெஞ்சு அரசர் அமைத்த குழு, பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்த குழு, அதைச் சோதித்தது. தங்கள்மேல் சக்தி செலுத்தப்படுவதாக நம்பினால் மட்டுமே விளைவு தெரிந்தது. தெரியாமல் செலுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. இன்று சிகிச்சையில் பயன்படும் ஹிப்னாடிசமும் ஒத்துழைப்போடு நடப்பது. எல்லோரும் ஒரே அளவில் அதற்கு ஆட்படுவதும் இல்லை.

அப்படியானால் கொரியாவிலும் சீனாவிலும் நடந்தது என்ன? மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், உளவியலாளர் எட்கர் ஷைன் ஆகிய இருவரும் திரும்பி வந்தவர்களிடம் உட்கார்ந்து பேசி, 1961இல் தனித்தனியே நூல் எழுதினார்கள். அவர்கள் கண்டதில் மாயம் எதுவும் இல்லை. ஒருவரைச் சுற்றியிருக்கும் சூழலை முழுதாகக் கையில் எடுத்துக்கொண்டால், மூளையைத் தொடவே வேண்டியதில்லை. நான் இந்தச் சொல்லை எடைபோடும் தராசும் இதுதான்: அந்த ஆள் என்ன நம்புகிறார் என்பதைவிட, அவரைச் சுற்றி என்ன ஏற்பாடு நடந்திருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

அந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்பதை அருகிலிருந்து பார்க்க, இந்தியாவில் சில ஆண்டுகளாக நடந்துவரும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியை எடுத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் ஆகவேண்டியதைச் சில மணி நேரத்தில் முடிக்கும் வடிவம் அது.

முதலில் அதிர்ச்சி. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் குற்றத்தில் பயன்பட்டிருக்கிறது என்று ஒரு அழைப்பு. யோசிக்க இடம் கொடுக்காமல் உடனே 'மேலதிகாரி'க்கு மாற்றுகிறார்கள். வீடியோவில் சீருடை, பின்னால் காவல்நிலையம்போல ஒரு சுவர், கையில் முத்திரை வைத்த நீதிமன்றத் தாள். அடுத்தது தனிமை: "இது தேசிய ரகசியம், வீட்டில் யாரிடமும் சொன்னால் அவர்களும் கைதாவார்கள்." அறைக்கதவைச் சாத்தச் சொல்கிறார்கள், கேமராவை அணைக்கக்கூடாது என்கிறார்கள். இந்த ஒரு கட்டளையில்தான் மொத்த மோசடியும் நிற்கிறது. வெளியிலிருந்து ஒரு குரல் உள்ளே வந்தால் போதும், கட்டு அவிழ்ந்துவிடும். அது அவர்களுக்குத் தெரியும்.

பிறகு களைப்பு. இரவிலும் அழைப்பைத் துண்டிக்கவிடுவதில்லை. பதினேழு மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் கவனமும் செயல்வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நிலையில்தான் பணப்பேச்சை எடுக்கிறார்கள். நடுவே ஒருவர் மிரட்டுவார், இன்னொருவர் "ஐயா நல்லவர் மாதிரி தெரியுறீங்க, நான் காப்பாத்தப் பார்க்கிறேன்" என்பார். பயமும் ஆறுதலும் ஒரே இடத்திலிருந்து வரும்போது, மிரட்டுகிறவரையே மனம் அண்டி நிற்கத் தொடங்கும். ஒப்புதல்களும் சின்னச் சின்னதாகவே வாங்கப்படும். முதலில் பெயர், பிறகு ஆதார் எண், வங்கி இருப்பு, ஒரு வாக்குமூலக் கடிதம், கடைசியில் 'சரிபார்ப்புக் கணக்கு'க்குப் பணம். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. வங்கி ஊழியர் கேட்டால் சொத்து வாங்குகிறேன் என்று சொல்லும்படி பதிலையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். படித்தவர்கள், உயர்பதவியில் இருந்தவர்கள், மருத்துவர்கள் எல்லோரும் இதில் விழுந்திருக்கிறார்கள். "இவ்வளவு படிச்சும் எப்படி ஏமாந்தாங்க" என்று கேட்பதில் பயனில்லை. படிப்பு வேலை செய்ய நேரமும் தூக்கமும் துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். மூன்றையும்தான் முதலில் பறித்துவிடுகிறார்களே.

வீட்டில் ஒருவர் அறையைப் பூட்டிக்கொண்டு நீண்ட வீடியோ அழைப்பில் இருந்தால், வாசலில் நின்று கேள்வி கேட்டு நேரத்தைப் போக்கவேண்டாம். உள்ளே போய் அழைப்பைத் துண்டியுங்கள், போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். வீடியோவில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் எந்த வழியும் இல்லை என்பதை மெதுவாக, இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இன்னொரு போனிலிருந்து உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு, எனவே திட்டுவது, அழுவது எல்லாம் பிறகு.

குழுக்களிலும் சில வீடுகளிலும் இதே பாகங்கள் மெதுவாக ஓடும். தனிமை அங்கே பூட்டாக வராது, அன்பாக வரும். முதல் சில வாரம் எல்லோரும் சூழ்ந்துகொண்டு கவனிப்பார்கள். பழைய நண்பர்களுக்கு நேரம் தானாகக் குறையும். தூக்கம் பறிபோவது நள்ளிரவுப் பிரார்த்தனையாகவோ, விடியற்காலைச் சேவையாகவோ, விற்பனைக் கூட்டமாகவோ இருக்கும். ஒப்புதல் என்பது கூட்டத்தின் நடுவே தன் தவறுகளைச் சொல்லும் சடங்காக இருக்கும். பின்னால் விலக நினைத்தால் அந்த ரகசியங்களே கயிறாகும். தங்களுக்கென்று ஒரு குழூஉக்குறியும் வளரும். லிஃப்டன் இதைத் தனியாகவே குறிப்பிட்டார். சந்தேகத்துக்கு 'எதிர்மறை எண்ணம்' என்றும், கேள்வி கேட்கும் தாய்க்கு 'பந்தம்' என்றும், பணம் கேட்டுத் திரும்பி வருபவருக்கு 'தோற்றுப்போனவர்' என்றும் பெயர் வைத்துவிட்டால், யோசனை தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

சுற்றியிருக்கும் எல்லோரும் ஒன்றைச் சொல்லும்போது தனியாக மறுப்பது எவ்வளவு கடினம் என்பதை சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் சில கோடுகளை வைத்தே காட்டினார். எந்தக் கோடு நீளம் என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். ஆனால் கூட இருந்தவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு ஒரே தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறையே பின்பற்றியது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும் அது வெகுவாகக் குறைந்தது. எனவே வெளியில் மிச்சமிருக்கும் அந்த ஒரு உறவை அறுந்துபோக விடக்கூடாது. யாரையாவது மீட்க நினைக்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான தகவல் என்னிடம் இல்லை.

ஆகவே சொல்லைப் பயன்படுத்தும் முன் கேட்கவேண்டியவை இவை. அவர் தனியாக, யாரும் கூட இல்லாமல், வெளியாட்களோடு பேசமுடிகிறதா? போனும் அடையாள அட்டைகளும் வங்கி அட்டையும் யாரிடம் இருக்கின்றன? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? தலைமையைப் பற்றி ஒரு சின்னக் குறையையாவது சொல்லி, தண்டனை இல்லாமல் இருக்கமுடியுமா? அங்கிருந்து விலகியவர்களைப் பற்றி உள்ளே எப்படிப் பேசுகிறார்கள்? நாளைக்கே அவர் விலகினால் எதையெல்லாம் இழப்பார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் விஷயத்தை உடைக்கும். "ஒண்ணும் ஆகாது, வந்துடலாம்" என்பவர் நமக்குப் பிடிக்காத ஒன்றை நம்புகிறார், அவ்வளவுதான். வீடு, பிள்ளைகள், பணம், உயிர், அடுத்த பிறவி எல்லாம் போய்விடும் என்று நடுங்குகிறவர் பிடிக்குள் இருக்கிறார்.

இந்தக் கேள்விகளைக் குடும்பத்தின்மேலும் திருப்பிக் கேட்கவேண்டும். பெண் தனக்குப் பிடித்தவனோடு போனால் 'மயக்கிட்டான்', 'வசியம் வெச்சுட்டான்', 'மூளைச்சலவை' என்கிறோம். ஆனால் அவளுடைய போனைப் பிடுங்கி, அறையில் அடைத்து, இரவெல்லாம் பத்து உறவினர்கள் சூழ்ந்து உட்கார்ந்து மனதை மாற்றுவது யார்? கேரளத்தின் ஹாதியா வழக்கில், மதம் மாறித் தன் விருப்பப்படி மணந்த 24 வயதுப் பெண்ணின் திருமணத்தை 2017இல் உயர்நீதிமன்றம் ரத்து செய்து அவரைப் பெற்றோர் பொறுப்பில் விட்டது. அவர் மனம் பிறரால் மாற்றப்பட்டது என்ற வாதம் உச்சநீதிமன்றம்வரை போனது. நீதிபதிகள் அவரையே நேரில் அழைத்துக் கேட்டார்கள், 2018 மார்ச்சில் திருமணம் செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள். வயது வந்தவர் தன் வாயால் சொல்வதைக் கேட்பதுதான் முதல் படி. கேட்காமலே 'அது அவ பேச்சு இல்ல' என்பது அவளிடமிருந்து பேச்சையே பறிப்பது.

வீட்டுக்குள் கணவனோ மனைவியோ நடத்தும் ஆட்டிவைப்புக்கு நம்மிடம் சரியான சொல் இன்னும் படியவில்லை. செலவுக்குக் கணக்கு, போனில் சோதனை, தாய்வீட்டுக்குப் போகத் தடை, நடந்ததை நடக்கவே இல்லை என்று சாதித்து அவரையே குழப்புவது, எல்லாம் சேர்ந்துதான் அது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் புகாராகச் சொன்னால் "இதெல்லாம் ஒரு குறையா" என்று கேட்பவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். தேதியோடு எழுதிவைத்து மொத்தமாகக் காட்டும்போதுதான் உருவம் தெரியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தனிக்குற்றமாக்கி ஐந்தாண்டுவரை சிறை வைத்திருக்கிறது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் மனரீதியான, பொருளாதாரரீதியான கொடுமையையும் வன்முறையாகவே எண்ணுகிறது. பெண்கள் உதவிக்கு 181.

சிக்கியவரிடம் பேசும்போது முதலில் தவிர்க்கவேண்டிய சொல் மூளைச்சலவைதான். "வெளியாட்கள் உன்னைப் பார்த்து இப்படித்தான் சொல்வார்கள்" என்று உள்ளே முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்கள். நாம் சொன்னதும் அவர்கள் வாக்கு பலித்ததாகிவிடும். குருவையோ தலைவரையோ கேலி செய்வதும் அப்படியே. அவரைக் காக்கும் பொறுப்பு நம் ஆளின் தலையில் விழும், பிடி இறுகும். அதற்குப் பதில் சின்னதாக, இடைவிடாமல் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள், ஒரே நேரம், பத்து நிமிடம். வாதம் வேண்டாம். சேர்ந்து சிரித்த பழைய விஷயங்கள், உடல்நலம், பிள்ளைகள் படிப்பு போதும். குழுவுக்கு வெளியிலும் தனக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்ற நினைவு உயிரோடு இருக்கும். இடையே ஒரே ஒரு கேள்வி, பதிலை எதிர்பார்க்காமல்: "அங்க ஒருத்தர் விலகணும்னு நினைச்சா என்ன வழி?" கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடவேண்டும்.

பணமாகக் கொடுக்காதீர்கள், அது நேராகக் குழுவுக்குப் போகும். மருந்து, உடை, ஊர் திரும்பப் பயணச்சீட்டு என்று பொருளாகக் கொடுக்கலாம். சான்றிதழ், அடையாள அட்டைகளின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஆள் வைத்துத் தூக்கிவந்து அடைத்துவைக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். 1970களில் அமெரிக்காவில் 'மாற்றிச் சலவை' போன்ற அந்த வேலையைத் தொழிலாகவே செய்தார்கள். கடத்தல் வழக்குகள் வந்தன, தண்டனைகளும் வந்தன. அடைத்துவைத்த இடத்திலிருந்து தப்பி மீண்டும் குழுவுக்கே ஓடியவர்கள் குடும்பத்தை அதன்பின் நம்பவில்லை. ஆனால் குழந்தைகள் உள்ளே இருந்தால், சித்திரவதையோ தற்கொலைப் பேச்சோ காதில் விழுந்தால், பொறுமைக்கு இடமில்லை, காவல்துறைக்குப் போகவேண்டும். 1978 நவம்பரில், ஜிம் ஜோன்ஸ் என்ற போதகரின் குழு குடியிருந்த கயானாவின் ஜோன்ஸ்டவுனில், அவர் உத்தரவில் நடந்த கூட்டுத் தற்கொலையிலும் கொலையிலும் 900க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறுவர், சிறுமியர்.

வெளியே வந்தவர் உடனே பழையபடி ஆகமாட்டார். எந்தச் சட்டை போடுவது என்று முடிவெடுக்கவும் திணறுவார், இரவில் பயந்து எழுவார், விட்டுவந்த நண்பர்களை நினைத்து அழுவார். அதைப் பார்த்து "இன்னும் அங்கேயே மனசு இருக்கு" என்று பதறவேண்டாம். பல ஆண்டு வாழ்ந்த இடத்தை இழந்தவரின் துக்கம் அது. "நான் அப்பவே சொன்னேன்" என்ற வாக்கியத்தை மட்டும் வீட்டில் எல்லோரும் விழுங்கிக்கொள்ளவேண்டும்.

இனி மருந்து. "யாரோ மருந்து வெச்சுட்டாங்க" என்ற சந்தேகம் இன்றும் பல வீடுகளில் வருகிறது. ஒருவரைக் காதலிக்கவைக்கும் மருந்து எதுவும் இல்லை. ஆனால் வசியப்பொடி என்ற பெயரில் எதையாவது உணவில் கலந்தால் உயிருக்கே ஆபத்து வரும். மயக்கித் திருடுவதற்கு வெகுகாலமாகப் பயன்பட்டுவரும் ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபோலமைன் இரண்டும் இருக்கின்றன. வாய் வறண்டு, முகம் சிவந்து, உடல் சுட்டு, கண்மணி விரிந்து, இல்லாததைப் பார்த்துப் பிதற்றத் தொடங்குவார், வலிப்பும் வரலாம். அந்த நிலையில் வயிற்றில் வைத்த மருந்தை எடுப்பதாகச் சொல்பவரைத் தேடுவதோ, உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பதோ கூடாது. ஆம்புலன்ஸுக்கு 108ஐ அழைத்து, சாப்பிட்டதன் மிச்சத்தையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொரு நிலை மெதுவாக வருவது. "என் தலைக்குள்ள யாரோ எண்ணத்தைப் போடுறாங்க", "நான் நினைக்கிறது பக்கத்து வீட்டுக்குக் கேட்குது", "கையை அவங்கதான் அசைக்கிறாங்க" என்று ஒருவர் தானே சொல்லத் தொடங்கினால், யார் வசியம் வைத்தார்கள் என்ற தேடலில் இறங்கவேண்டாம். மனச்சிதைவு நோயில் வெகுவாகக் காணப்படும் அறிகுறிகள் இவை, சிகிச்சைக்கு இணங்குபவை. சீக்கிரம் தொடங்கினால் பலன் கூடுதல். மந்திரவாதி மாற்றி மந்திரவாதி என்று போகும் மாதங்களில் நோய்தான் வேரூன்றுகிறது. அவரிடம் "அப்படி யாரும் இல்ல" என்று சண்டை போடவும் வேண்டாம், "ஆமா, அவங்கதான்" என்று ஒத்துப்பாடவும் வேண்டாம். "உனக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு தெரியுது, தூக்கமே இல்ல, வா டாக்டரைப் பார்ப்போம்" என்று தூக்கத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் வருவார்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓடமுடியாமல் கருகினார்கள். அதற்குப் பிறகு அங்கே தர்காவிலேயே பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் கிடைக்கும் ஏற்பாடு வந்தது. சாமியிடமும் போகலாம், மருந்தையும் விடாமல் சாப்பிடலாம். ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தச் சொல்பவரிடம்தான் போகக்கூடாது.